ஈரம் காயாத உறை

நூறு வருஷத்துக்கு முன்பு யாரோ அவசரமாகப் பிரித்த தந்தி உறை, காலையில் ஆல்பத்துக்குள் மூடிக் கிடந்தது.

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். வெள்ளைக்காரன் காலத்துத் தந்தித் தாள்களையும் உறைகளையும் தேடிச் சேர்ப்பவர். அடியில் பொடி எழுத்தில் இருக்கும் அச்சக எண்ணையும், வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நீர்க்குறியையும் வைத்தே வருஷம் சொல்பவர். போலியை மோப்பத்திலேயே பிடித்து, கொண்டுவந்தவனை உட்காரக்கூட விடாமல் அனுப்பிவைப்பவர். அந்த மூக்குதான் இப்போது தகராறு செய்தது. மடிப்பில் கோந்து ஈரமாக இருந்தது. அதில் கிராம்பு வாசனை.

கிராம்பைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டே நடமாடியவள் அவர் மனைவி. உறைகளை ஆல்பத்தில் பொருத்தும், கோந்து தடவிய காகிதத் துண்டுகளை நாக்கில் தொட்டு ஒட்டித் தருவது அவள் வேலை. அவள் ஒட்டினால் ஒரு ஓரம்கூடப் பிரியாது. அவள் போய் ஏழு வாரம்.

மைத்துனனுக்கு ஃபோன் செய்தார்.

"நீங்களே எச்சில் தொட்டு ஒட்டிட்டு மறந்திருப்பீங்க அத்தான்."

"நான் எதுக்குடா எச்சில் தொடப் போறேன்?"

"அதானே, விலையை அடிச்சுப் பேசவே அந்த வாய் பத்தாது." சிரித்தவன் சட்டென்று நிறுத்தினான். "அக்கா கடைசியா உங்ககிட்டதான் பேசினா. என்ன பேசினான்னு இன்னும் நீங்க வாயே திறக்கலையே அத்தான்."

"சாயங்காலம் சொல்றேன்."

எப்படிச் சொல்வது? இதே உறைக்காக ஏலத்தில் கை தூக்கியிருந்தபோதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தாள். "வர்றீங்களா?" என்றாள். "கொஞ்சம் வாய மூடிட்டு இரு, ஏலம் போயிட்டிருக்கு" என்றார். மூடிக்கொண்டாள். பிறகு திறக்கவே இல்லை. உறை அவருக்கே கிடைத்தது.

மெல்லிய கத்தியால் மடிப்பை நெம்பி, உள்ளிருந்த தாளை எடுத்தார். செய்தி மங்கிப் போயிருந்தது. தந்தி கொடுத்த நேரம் மட்டும் புது மையில் பளிச்சென்று இருந்தது. ஏலத்தில் வாங்கும்போது அதில் காலை எட்டரை என்றிருந்தது. இப்போது அதே இடத்தில் மாலை நாலு பத்து என்றிருந்தது.

அவள் அழைத்த நேரம்.

வெளியே தார் உருகும் வெயில். அறைக்குள் மட்டும், பூனை பால் நக்குவதுபோல மெல்லிய ஈரச் சத்தம் ஆல்பத்தின் நடுப் பக்கங்களிலிருந்து விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. புரட்டினார். இரண்டாவது உறை மூடியிருந்தது. ஐந்தாவது. கடைசிப் பக்கம் வரை, எல்லாம்.

எழுந்து ஓடியிருக்கலாம். மத்தியானம் முழுக்க நாற்காலியிலேயே இருந்தார். நாலு பத்துக்கு அவள் வந்தால் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். ஊரையே பேசி மடக்கிய வாய்க்கு அந்த ஒரு வார்த்தை பழகவில்லை, முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டார்.

நாலு எட்டு.

நாலு ஒன்பது. சத்தம் நின்றது.

கழுத்துக்குப் பின்னால் கிராம்பு வாசனை.

குளிர்ந்த, சொரசொரப்பான ஏதோ ஒன்று அவர் உதட்டின் இடது ஓரத்தில் தொட்டது. நிதானமாக வலது ஓரம் வரை போனது. பழக்கப்பட்ட விரல் ஒன்று அதன்மேல் அழுத்தித் தேய்த்தது.

ஃபோன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார்.

"அத்தான்? வந்துட்டே இருக்கேன்." பின்பு, "அத்தான்... பேசுங்களேன்."

கண்ணீர் வழிந்தது. மூக்கில் மூச்சு இரைந்தது. நகத்தால் உதடுகளின் நடுவே தேடினார். முழுக்க வழவழவென்று ஒட்டியிருந்தது. ஒரு ஓரம்கூடப் பிரியவில்லை.