காப்பு அவிழ்க்காத ஆட்டம்

சோற்றுக் கோப்பையை வாங்கக் கிருஷ்ணகுமார் கையை நீட்டியபோதுதான் தனுஜா கவனித்தாள். அவன் மணிக்கட்டில் காப்பு இல்லை.

காப்பு போனது பெரிய விஷயமில்லை. மஞ்சள் நூல்தானே, நைந்து அறுந்திருக்கும். ஆனால் மாசக்கணக்கில் நூல் கிடந்த இடம் வெளுத்துத் தெரிய வேண்டாமா? மணிக்கட்டு முழுக்க ஒரே நிறமாக இருந்தது, எந்தக் காலத்திலும் அங்கே எதையும் கட்டாததுபோல.

"காப்பு எங்கங்க?"

"விழுந்திருக்கும்."

"செத்தவன எழுப்பாம காப்பு அவுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவன் நிமிராமல் சாப்பிட்டான். உப்பு போட மறந்த குழம்பு அது. அதையும் மிச்சம் வைக்காமல் வழித்துத் தின்றான்.

எல்லாம் அந்த ஆட்டத்தில் வந்த வினை. லயத்து வரிசையில் பக்கத்து அறையான காம்பராவில் இருக்கும் கோகிலாவின் அண்ணன் இந்திரகுமார் கொழும்பில் பழைய புத்தகக் கடையில் வேலை செய்கிறவன். புதுவருஷத்துக்குத் தெரணியகலை பஸ்ஸில் வந்து இறங்கியபோது ஒரு கட்டு இங்கிலீஷ் புத்தகம் கொண்டுவந்தான். கதை ஒன்றுதான், மொத்தம் ஆறு புத்தகமாக வந்தது, கட்டில் இருந்தது ஐந்து. ஒன்று முடிகிற இடத்தில் அடுத்தது தொடங்கும். ஒருவன் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்து, அந்தக் கதைக்குள் என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். அது பலிக்குமா இல்லையா என்பதை இருபது முகம் உள்ள ஒரு பகடைக் காய் தீர்மானிக்கும், எண் பெரிதாக விழுந்தால் பலிக்கும். மாதம் ஒருமுறை ஊருக்கு வரும்போதெல்லாம் இந்திரகுமார் தமிழில் சொல்லிக்கொண்டே போனான். புத்தகத்தில் இருந்த தங்கச் சுரங்கம் அவன் வாயில் குருவிட்ட ஊர் மாணிக்கக் குழியாக மாறியது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்த நாட்கள் அவை.

கிருஷ்ணகுமார்தான் சும்மா இருக்கவில்லை. வருஷா வருஷம் தோட்டத்துக் காமன் கூத்தில் காமன் வேஷம் கட்டுகிறவன் ஆயிற்றே. கூத்தில் காமன் எரிவான், பிறகு எழுப்புவார்கள். அதற்கப்புறம்தான் காப்பை அவிழ்ப்பார்கள். வேஷம் என்றால் காப்பு வேண்டும் என்று இந்த ஆட்டத்துக்கும் மஞ்சள் நூலை மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டான். விளையாட்டுக்குத்தான் செய்கிறான் என்று தனுஜாவும் சிரித்தாள்.

ஐந்தாம் புத்தகத்தின் முடிவில், மற்றவர்களைத் தப்பவிட்டு அவனுடைய வாள்வீரன் மலைக்குள் நின்றுவிட்டான். மலை மூடிக்கொண்டது. கடைசி வரியை இந்திரகுமார் விரல் வைத்து வாசித்தான்.

"மலை எந்த எடத்தையும் காலியா வச்சிருக்காதாம்."

"அப்படின்னா என்ன மச்சான்?" என்றான் கிருஷ்ணகுமார்.

"ஆறாவதுல இருக்கும். அதுலதான் ஒன்னய எழுப்புறது. கட்டுல அது இல்ல, தேடிக் கொண்டாறேன்."

அன்று சாயந்தரம் நல்ல மழை. ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டிய சிரட்டைகளைக் கவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று போனான் கிருஷ்ணகுமார். மேல்மலையில் மண் சரிந்த சத்தம் லயத்து வீடுகள் வரைக்கும் கேட்டது. பெண்கள் வாசலில் நின்று அலறினார்கள். அப்போதுதான் தலையிலிருந்து கால்வரை செம்மண்ணாக அவன் நடந்து வந்தான். உயிரோடு வந்தானே, அது போதும் என்று தனுஜா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். அவளே வெந்நீர் வைத்து அவனைக் குளிப்பாட்டினாள்.

பால் வெட்டுகிறவன்மேல் புளித்த ரப்பர் பால் நாற்றம் அடிக்கும். எந்தச் சவர்க்காரத்துக்கும் அது போகாது. கல்யாணமான புதிதில் அவளுக்குக் குமட்டியது, பிறகு அது இல்லாமல் தூக்கம் வராது என்றாயிற்று. மண் சரிந்த நாளிலிருந்து அந்த நாற்றம் இல்லை. தினமும் வெட்டப் போகிறான், வருகிறான். பாயில் பக்கத்தில் படுத்தால் ஈர மண் வாசம் மட்டும் வருகிறது.

காப்பைப் பற்றிக் கேட்ட மறுநாள் கோகிலா குழாயடியில் விஷயத்தைச் சொன்னாள். "அண்ணன் கொழும்பு பூரா தேடிட்டாராம். ஆறாவது புத்தகம் எங்கயும் கெடைக்காதாம்."

"அப்ப நாமளே முடிச்சுருவோம் கோகிலா. மலைக்குள்ள மாட்டுன அவரு வேஷத்த எழுப்பிட்டா எல்லாம் சரியாப் போயிரும். எனக்கு என் மனுசன் வேணும்."

"கதை சொல்ற வாத்தியாரு இல்லாம கூத்து கட்டுறதாக்கா? வேணாம். எனக்குப் பயமா இருக்கு."

பயம் தனுஜாவுக்கும் இருந்தது. ஆனாலும் அன்று விளக்கு வைக்கிற நேரத்தில், தகரக் கூரையில் மழை கொட்ட, கரண்ட் போய்விட்ட காம்பராவில் குப்பி விளக்கை ஏற்றிவைத்து, கிருஷ்ணகுமாரை எதிரே பலகையில் உட்காரச் சொல்லி, இந்திரகுமார் விட்டுப்போன காயைக் கையில் எடுத்தாள். அவன் மறுக்கவில்லை. முழங்கால்மேல் கைகளை வைத்துக்கொண்டு அவள் வாயையே பார்த்தான்.

"நான் மலை அடிவாரத்துக்கு வர்றேன்" என்று தொடங்கினாள். "மண்ணத் தோண்டுறேன். பேரு சொல்லிக் கூப்புடுறேன். எழும்பி வாங்க. வீட்டுக்கு வாங்க."

காயை உருட்டினாள். சிமெண்டுத் தரையில் சுற்றிச் சுற்றி விளக்கடியில் நின்றது.

இருபது.

"கூப்புட்டுட்டியா?" என்றான் அவன். அத்தனை நாளில் அவனாகக் கேட்ட முதல் கேள்வி.

மழை விட்டது. கூரையிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும்.

பிறகு வெளியே காலடி. சேற்றிலிருந்து காலைப் பிடுங்கி, வைத்து, மறுபடி பிடுங்கி. வாசல் வரைக்கும்.

கதவு தட்டப்பட்டது.

"தனு."

அவன் குரல். தொண்டைக்குள் மண் அடைத்த குரல்.

"தனு, கதவத் தெற. குளுருது."

கதவிடுக்கு வழியாக அந்த நாற்றம் வந்தது. புளித்த ரப்பர் பால். எழுந்து ஓடித் தாழ்ப்பாளில் கை வைத்தாள். கதவுக்கும் நிலைக்கும் நடுவே நான்கு விரல்கள் நுழைந்திருந்தன. நகமெல்லாம் செம்மண். இடுக்கில் தெரிந்த மணிக்கட்டில் மஞ்சள் நூல்.

அப்படியானால், இத்தனை நாள் யாருக்குச் சோறு போட்டாள்?

முதுகுக்குப் பின்னால் பலகை கிறீச்சிட்டது. உட்கார்ந்திருந்தது எழுந்துவிட்டது. திரும்பிப் பார்க்க முடியவில்லை. ஈர மண் வாசம் கழுத்தருகே வந்தது.

"நான் போறேன்" என்றது அது, சாந்தமாக. "ஆனா மலைக்குள்ள எடம் காலியா இருக்கக் கூடாதே."

தாழ்ப்பாளில் இருந்த அவள் கையைக் குளிர்ந்த விரல்கள் பிடித்தன. வெளியே கிருஷ்ணகுமார் தட்டிக்கொண்டே இருந்தான். உள்ளே, அவள் மணிக்கட்டில் ஈரமான மஞ்சள் நூல் ஒன்று சுற்றி வந்தது.

ஒரு முடிச்சு.

இரண்டு.

மூன்று.