மூன்று நிமிஷம் அசையாமல்

படிக்கட்டின் அடியில் ஒரு ஆள் நின்றிருந்தார். நேரில் இல்லை, கேமராவின் திரையில்.

புகைப்படக்காரி திரையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். கழுத்துவரை பொத்தான் போட்ட பழங்காலத்துப் பணியாள் உடுப்பு, தொங்கவிட்ட கைகள். பொத்தான்களை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. அதுதான் அவளுக்கு உதைத்தது. அவள் படம் எடுக்க வந்திருந்தது வெள்ளைக்காரன் காலத்து விடுதி. ஜன்னல்களுக்கெல்லாம் பலகை அறைந்து வருஷக்கணக்காகிவிட்டதால் பட்டப்பகலிலும் உள்ளே இருட்டு. ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் கேமராவின் கண்ணை மூன்று நிமிஷம் திறந்து வைத்துத்தான் எடுத்தாள். அந்த நேரத்தில் நடமாடுகிறவர்கள் படத்தில் விழவே மாட்டார்கள்; நின்ற இடத்தில் ஆடினால் கலங்கலாக விழுவார்கள். இத்தனை தெளிவாக விழ வேண்டுமானால் சுவர் மாதிரி நிற்க வேண்டும். மூச்சுகூட விடாமல்.

“ஏங்க, இங்க வாங்களேன்.”

அவளுடைய கணவர் கூடத்தைக் காலால் அளந்துகொண்டிருந்தார். நின்ற இடத்தில் நிற்கத் தெரியாத மனுஷன், வாயும் ஓயாது. பழைய மாளிகை, தேவாலயம், விடுதி என்று அவள் எங்கே கிளம்பினாலும் லீவு போட்டுவிட்டு, கேமரா ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்துவிடுவார். படத்தில் விழமாட்டோம் என்ற தைரியத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்து கதையளப்பார். அந்தப் பேச்சுச் சத்தம் இல்லாவிட்டால் இப்படிப்பட்ட இடங்களுக்குள் அவள் காலே வைக்கமாட்டாள். இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அவரிடம் இதைச் சொன்னதில்லை.

“சுவத்துல கறையா இருக்கும்டி” என்றார் அவர், திரையை எட்டிப் பார்த்து. “இன்னொண்ணு எடு.”

எடுத்தாள். அதே இடத்தில் அதே ஆள். தலை மட்டும் திரும்பியிருந்தது, கணவர் சாய்ந்து நின்ற தூணின் பக்கமாக.

அவள் கேமராப் பையை எடுத்தாள். “போதும், போயிடலாம்.”

“நாளைக்கு இடிக்கப் போறாங்க. இந்தப் படிக்கட்டுக்காக எத்தனை நாள் அலைஞ்சே! நான் போய் அங்கேயே நிக்கிறேன். கறைன்னா நான் அதை மறைச்சுடுவேன், என் மூஞ்சிதான் விழும். அதோட மூஞ்சியே விழுந்துச்சுன்னா பேய். சரியா?”

“நீங்களா? மூணு நிமிஷம் சும்மா நிப்பீங்களா?”

“என்ன பந்தயம்?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயந்தவளைச் சிரிக்கவைப்பதில் அவர் கெட்டிக்காரர். “சரி நில்லுங்க. அசையக் கூடாது. மூச்சுகூட விடக் கூடாது, ஆமா!” என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள்.

அவர் எங்கே சும்மா நின்றார்? உதடு அசையாமல் பேச முயன்று என்னவோ உளறினார். ஈரச் சுண்ணாம்பும் வௌவால் எச்சமும் கலந்த வாடை திடீரென்று கனத்தது. மேலே மாடிக் கைப்பிடிப் பக்கம் மரப்பலகை ஒன்று நீளமாக முனகியது. யாரோ எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றிக்கொண்டதுபோல். “ஏய், யாரோ என்னைப் பிடிச்சு...” என்றார்.

பேச்சு நின்றது.

கோமாளித்தனம் பண்ணுகிறார் என்றுதான் நினைத்தாள். பரவாயில்லையே, நிற்கிறாரே என்றுகூட நினைத்தாள். ஒரு நிமிஷம். இரண்டு. கேமரா ‘டக்’ என்று மூடிக்கொண்டது.

“ஜெயிச்சுட்டீங்க. வாங்க.”

அவர் வரவில்லை.

திரையைப் பார்த்தாள். படிக்கட்டின் அடி காலியாக இருந்தது. பணியாள் இல்லை. கணவரும் இல்லை.

மேலே இருந்தார்கள். மாடிக் கைப்பிடியை ஒட்டி வரிசையாக. நீள அங்கி போட்ட ஒரு பெண். தொப்பிக்காரர் ஒருவர். மஞ்சள் ஹெல்மெட்டோடு, இடிப்பு வேலைக்கு முன்கூட்டியே வந்த கூலியாள் ஒருவன். எல்லோரும் துளிகூடக் கலங்காமல், அத்தனை தெளிவாக. கடைசி ஆள் மட்டும் கலங்கலாக விழுந்திருந்தார். முகம் இழுபட்டு, வாய் இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு தீற்றல். கைப்பிடியை அறைந்து அறைந்து உருவமே தெரியாமல் போன இரண்டு கைகள்.

கட்டம் போட்ட சட்டை. காலையில் அவள் இஸ்திரி போட்டுக் கொடுத்தது.

நிமிர்ந்து மாடியைப் பார்த்தாள். யாரும் இல்லை. சத்தம் இல்லை. “என்னங்க!” என்று கத்தியபடி கீழே திரும்பினாள்.

படத்தில் காலியாக இருந்த படியடியில், நேரில், அவர் நின்றிருந்தார். அதே சட்டை. அதே முகம். தொங்கவிட்ட கைகள். அந்தப் பணியாள் நின்ற மாதிரியே. கண் இமைக்கவில்லை. மார்பு ஏறவில்லை, இறங்கவில்லை.

பிறகு ஏறியது.

ரொம்ப நாள் பழக்கம் விட்டுப்போன மாதிரி, கரகரவென்று, அது முதல் மூச்சை இழுத்தது. அவருடைய தலையை அவள் பக்கம் திருப்பியது. அவருடைய காலை எடுத்து முன்னால் வைத்தது.