ஒன்பது ஒட்டுப்பால் உருண்டைகள்

காலை 6.40. மலேசியா, தம்பினுக்கு அடுத்த ரப்பர் தோட்டம், 1978.

ஆபீஸ் வாசல் புகார்ப்பெட்டியைத் திறந்த தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஹரோல்ட் அப்படியே நின்றுவிட்டான். ஒன்பது மொட்டைக் கடிதங்கள். ஒவ்வொன்றோடும் ஓர் ஒட்டுப்பால் உருண்டை. ஒன்பதும், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் பார்த்துக்கொள்ளும் அகதாவின் மேல்தான். பிள்ளைகளின் பால்மாவைத் திருடி விற்கிறாளாம்.

உருண்டை ஹரோல்ட் போட்ட சட்டம். முன்பு தினமும் முப்பது கடிதம் குவியும்; எது நிஜம், எது வம்பு என்று தெரியாது. பேர் போட வேண்டாம், ஆனால் நூறு மரத்தின் வெட்டுக்கோட்டில் காய்ந்த பாலை நாடாவாக உரித்து, உருட்டி, கூடவே போட வேண்டும் என்றான். உருண்டை இல்லாத கடிதம் அடுப்புக்கு. மறுவாரமே வாரத்துக்கு இரண்டு என்று அடங்கியது.

இன்று அதுவே வினையானது. ஒன்பது பேர் இவ்வளவு பாடுபட்டுப் பொய் சொல்வார்களா என்றார் தோட்டத்தை நடத்தும் துரை. பகல் பன்னிரண்டு மணி லோரியில் அகதா போக வேண்டும். லயத்து வீடும் போச்சு.

8.15. ஆயாக்கொட்டகையில் அகதா தொட்டிலை ஆட்டியபடி, ஹரோல்ட் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். பால்மா டின்களைத் தம்பினிலிருந்து கொண்டுவருவது, ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டுக் காயவைக்கும் புகைக்கூடத்தின் மேற்பார்வை மண்டோர் முனியாண்டி. ஷீட்டு இறக்கிவிட்டு வரும்போது ஏற்றிவருவார். சண்டை என்றால் பால்மரம் வெட்டும் மயிலம்மாளோடு, போன வாரம், குழாயடியில்.

9.30. மயிலம்மாள் மரத்தை வெட்டிக்கொண்டே, ஹரோல்டைத் திரும்பிப் பார்க்காமல் பேசினாள்.

"ஒம்போது உருண்டைக்குத் தொள்ளாயிரம் மரம். நான் என்னா மிசினா கிராணி? அவள ஏசணும்னா நேர்ல போயி ஏசுவேன்லா."

10.50. ஹரோல்ட் கத்தியை எடுத்து ஓர் உருண்டையைப் பிளந்தான். பிறகு இன்னொன்றை. பிறகு எல்லாவற்றையும்.

11.35. துரை முன்னால் முனியாண்டி நின்றார். ஹரோல்ட் பிளந்த உருண்டைகளை மேசையில் பரப்பினான்.

"மண்டோர், மரத்துல உரிச்ச நாடாவுல மரப்பட்டை ஒட்டியிருக்கும். ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டை. இது ஒம்போதும் ஒரே நீளம், ஒரே அகலம், பட்டை ஒரு துணுக்கு இல்ல. மேல சேத்தப் பூசிட்டீங்க. உள்ள புகை வாடை அடிக்குது."

"யாராச்சும் ஷீட்டைத் திருடியிருப்பான்."

"புகைக்கூடத்துச் சாவி ஒங்க இடுப்புலதானே இருக்கு? மத்தவங்களுக்குத் தொள்ளாயிரம் மரம். ஒங்களுக்கு ஒரு ஷீட்டு, ஒரு கத்திரிக்கோல்."

இந்த ஆளுக்கு அவள் மேல் என்ன கோபம் என்று துரை கேட்டார். பதில் சொன்னது மூட்டையோடு வாசலில் நின்ற அகதா. நாலு மாதமாக டின்கள் பாதி காலியாகத்தான் வருகின்றன. இனிமேல் லோரியிலேயே எடைபோட்டு வாங்குவேன் என்று போன சனிக்கிழமை அவரிடமே சொல்லியிருக்கிறாள்.

பன்னிரண்டு மணி லோரியில் முனியாண்டி ஏறினார்.

ஹரோல்டுக்கு ஒன்றுதான் உறுத்தியது. "நாலு மாசமா ஏன்க்கா எழுதிப் போடல?"

"எழுதுனேன் தம்பி." மூட்டைக்குள்ளிருந்து மடித்த தாளை எடுத்தாள். "எனக்கு ஏது மரம்? உருண்டைக்கு நான் எங்க போவேன்?"

ஹரோல்ட் தாளை வாங்கி, நின்றபடியே கடைசி வரிவரை படித்தான். பிறகு ஆணியிலிருந்து பெட்டியைக் கழற்றினான்.