பொத்தான் பார்த்துக்கொண்டிருந்த மூலை

கழுத்துப்பட்டை வாசல் கம்பிக்கதவில் மாட்டியிருந்தது. யாரோ அதை நாயின் கழுத்திலிருந்து கழற்றி, மறுபடி அதே மூன்றாவது துளையில் கொக்கியைப் பூட்டி, அதிலிருந்த சிறு மணி ஒலிக்காதபடி அதற்குள் பஞ்சை அடைத்து, கீழே விழாமல் கம்பியில் தொங்கவிட்டுப் போயிருந்தார்கள். நாயைத் திருட வந்தவருக்கு இவ்வளவு நிதானம் எதற்கு என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. பொத்தான் போய்விட்டான் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

பொத்தான் அப்பா வைத்த பெயர். குட்டியாக வந்தபோது, வெள்ளை முகத்தில் அந்தக் கறுப்பு மூக்கு சட்டையில் தைத்த பொத்தானைப் போலவே இருந்தது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகிறது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. எல்லாச் சொற்களும் போனபின் எப்படியோ இந்த ஒன்று மட்டும் மிஞ்சியது. தண்ணீர் வேண்டுமானாலும் பொத்தான், ஜன்னலைச் சாத்த வேண்டுமானாலும் பொத்தான். நாய் காணாமல் போன அன்றைக்கு அந்தச் சொல்லும் நின்றது. ஸ்பூனை உதட்டருகே கொண்டுபோனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மூன்று நாளில் கன்னம் ஒட்டிவிட்டது.

காவல் நிலையத்தில் மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்கள், அத்தோடு சரி. வெளியூரிலிருக்கும் அண்ணன் போனில், நாய்தானே, வேறொன்று வாங்கித் தருகிறேன் என்றான். அவள் போனை வைத்துவிட்டாள்.

ஒரு மருத்துவமனையில் காது கேட்கும் திறனைச் சோதிப்பது அவள் வேலை. வருகிறவர்கள் அவளைக் காதுக்காரம்மா என்பார்கள். கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறை, சுவரெல்லாம் பஞ்சுப் பலகை. கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் எதுவும் உள்ளே வராது, உள்ளே பேசுகிற சத்தமும் சுவரில் பட்டுத் திரும்பாது. புதிதாக வருகிறவர்கள் அதற்குள் உட்கார்ந்ததும் பயந்துபோவார்கள். காதை யாரோ பொத்திக்கொண்டதுபோல இருக்கிறது என்பார்கள்.

நான்காம் நாள் மதியம் ஒரு தபால்காரர் வந்தார். அவரை உள்ளே உட்காரவைத்துச் சோதித்தாள். எலி நடந்தால்கூடக் கேட்கும் காது. ஒரு குறையும் இல்லையே, ஏன் வந்தீர்கள் என்று கேட்டாள்.

அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார். "பழைய ஐஸ் ஃபேக்டரி பின்னாடி ஒரு வீடுங்க மேடம். ஜன்னல்ல பாத்தா உள்ள ஏழு நாய் இருக்கு. நான் கேட்டைத் திறக்கறேன், கதவைத் தட்டறேன், ஒண்ணுகூடக் குரைக்கல. தபால்காரனைப் பாத்துக் குரைக்காத நாய் எங்கயாவது உண்டா? சரி, நமக்குத்தான் காது போச்சுன்னு நெனச்சேன்."

அவள் சிரித்துவிட்டாள். நான்கு நாளில் அதுதான் முதல் சிரிப்பு. அது அடங்குவதற்குள் அவர் பார்வை மேசைமேல் இருந்த பொத்தானின் படத்தில் விழுந்தது. விரலை அதன்மேல் வைத்தார்.

"இதுவும் அங்க இருக்கு மேடம்."

நான்கரைக்கே அனுமதி கேட்டுக் கிளம்பினாள். மழை கட்டிக்கொண்டு நின்றது, வானம் கழுவாத பாத்திரத்தின் அடிபோல இருந்தது. மூடிக்கிடந்த ஐஸ் ஃபேக்டரியின் மதிலை ஒட்டி, துருவும் ஈரச் சாக்கும் கலந்த வாடை வீசும் சந்தில் நடந்தாள். கடைசியாக இருந்தது அந்த வீடு. வாசல் பெருக்கித் துப்புரவாக இருந்தது. கேட் திறந்தபோது முனகக்கூட இல்லை. கீலில் எண்ணெய் ஊறிக்கிடந்தது. அழைப்புமணியின் வயரைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். கையை ஓங்கித் தட்டப் போனாள், அதற்குள் கதவு திறந்தது.

ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மாள். தலை படிய வாரியிருந்தது, புடவை மடிப்புக் கலையவில்லை. கண்கள் மட்டும் பல நாள் தூங்காதவரின் கண்கள். அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எதற்கு வந்திருக்கிறாளென்று கேட்காமலே தெரிந்துகொண்டவர்போலத் தணிந்த குரலில் சொன்னார்.

"சத்தம் போடாதம்மா. செருப்பைக் கழட்டிட்டு வா."

சண்டைக்கென்று வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு வந்தவள் குனிந்து செருப்பைக் கழற்றினாள். அவள் உள்ளே போனாள்.

கூடத்தில் சாமான் எதுவும் இல்லை. இருட்டுவதற்கு முன்பே மூன்று குழல்விளக்குகள் எரிந்தன. தரையில் ஏழு நாய்கள். காது கிழிந்த கிழட்டு நாய், கன்றுக்குட்டி அளவில் ஒரு வேட்டைநாய், கைக்குள் அடங்குகிற ஒரு சடைக்குட்டி, இன்னும் சில தெருநாய்கள். ஒன்று சாக்கில் படுத்துத் தூங்கியது. மற்ற ஆறும் அரைவட்டமாக உட்கார்ந்து, வீட்டின் கடைசி மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. இவள் வந்ததற்கு ஒன்றும் திரும்பவில்லை. ஒன்றும் மோப்பம் பிடிக்கவில்லை.

நடுவில் பொத்தான்.

"பொத்தான்," என்றாள்.

வால் தரையில் ஒருமுறை தட்டியது. தலை திரும்பவில்லை.

அவளும் அந்த மூலையைப் பார்த்தாள். வெள்ளையடித்த இரண்டு சுவர்கள் சேருமிடம். ஒரு பல்லிகூட இல்லை. ஆனால் அவள் காது சும்மா இருக்கவில்லை. காலி அறையில் பேசினால் குரல் சுவர்களில் பட்டு லேசாகத் திரும்பும்; பதினொரு வருடமாக அவள் பிழைப்பே அதுதான். இப்போது கூப்பிட்ட பெயர் மூன்று மூலைகளிலிருந்து திரும்பி வந்தது. நான்காவதிலிருந்து வரவில்லை. அங்கே போனது அங்கேயே நின்றுவிட்டது. பஞ்சுப் பலகை போட்டதுபோல.

அந்த அம்மாள் அவள் பின்னால் நின்றபடி, பால் கணக்குச் சொல்வதைப் போன்ற குரலில் சொன்னார். ஆறு வருடத்துக்கு முன் ஒரு சாயங்காலம், அவர் வீட்டுக்காரர் அந்த மூலையில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாராம். இவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்திருக்கிறார்.

"நாற்காலி இருந்துச்சு. பேப்பர் இருந்துச்சு," என்றார்.

அன்றிலிருந்து அவர்கள் வளர்த்த நாய் அந்த மூலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லையாம். அது பார்க்கும்வரை ஒன்றும் நடக்கவில்லை. அது கண் அசந்த ஒரு இரவில் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த அவர் தங்கையும் காணாமல் போனாள். மனிதர் பார்த்துப் பிரயோசனமில்லை, அந்த மூலையில் இருக்கிற ஒன்று எங்கே நிற்கிறதென்று நமக்குத் தெரியாது, நாய்களுக்குத் தெரிகிறது. அவை பார்த்துக்கொண்டிருந்தால் அது அசைவதில்லை. ஏழு இருந்தால் ஒன்று மாற்றி ஒன்று தூங்கலாம். போன வாரம் ஒன்று செத்துப்போயிற்று. அவசரத்துக்குக் கிடைத்தது பொத்தான்.

"திருடினது தப்புதான். வேணும்னா போலீசைக் கூப்பிடு, வரேன். இவன் இங்க வந்ததுலேருந்து தூங்கவே இல்ல, மத்ததுங்களைவிட இவனுக்குத்தான் நல்லாத் தெரியுது. நாளைக்கு ஒரு நாள் குடும்மா. வேற ஒண்ணைக் கொண்டுவந்துடறேன்."

அவளுக்குள் எழுந்தது பயமா கோபமா என்று பிரிக்க முடியவில்லை. பாவம், புத்தி பேதலித்தவர் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது. அப்பாவின் ஒட்டிய கன்னம் கண்முன் வந்தது. இன்னும் ஒரு நாள் தாங்க அவர் உடம்பில் தெம்பில்லை.

நேரே போய், நாய்களைச் சுற்றிக்கொண்டு, பொத்தானுக்கு முன்னால் குனிந்தாள்.

"நடுவுல போகாதே," என்றார் அம்மாள். அப்போதுதான் முதல்முறையாக அவர் குரல் உயர்ந்தது.

அவள் முதுகு மூலையைப் பார்த்திருந்தது. நாய்களின் பார்வைக்கும் மூலைக்கும் குறுக்கே அவள் இருந்தாள். ஒரே நொடி. பிடரியில் குளிர் தட்டியது, ஐஸ்பெட்டியைத் திறந்தாற்போல. பொத்தானை வாரி எடுத்தாள். எடையே இல்லை, உடம்பு மட்டும் மரக்கட்டையாக விறைத்திருந்தது. அவன் அவள் முகத்தை நக்கவில்லை. அவள் தோளுக்கு மேலே பார்த்தான்.

கதவை நோக்கி நடந்தாள். ஐந்து தலைகளும் அவளோடு திரும்பின. தூங்கிக்கொண்டிருந்ததும் எழுந்து பார்த்தது. அந்த அம்மாள் தடுக்கவில்லை. அவளுக்கு வழிவிட்டுச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

கேட்டைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் வழியாக ஒருமுறை உள்ளே பார்த்தாள். ஆறு நாய்களும் தரையில் சரிந்து, விழுந்த இடத்திலேயே தூங்கிக்கொண்டிருந்தன. அந்த அம்மாள் மெல்ல நடந்து மூலைக்குப் போனார். இரண்டு சுவர்களையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பிறகு அங்கேயே, மூலையில் முதுகைச் சாய்த்துச் சப்பணமிட்டு உட்கார்ந்து, குலுங்கிக் குலுங்கி அழத் தொடங்கினார்.

பார்த்தாயா, அங்கே ஒன்றும் இல்லை, என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாலடி நடந்தபின்தான் அந்தச் சொல்லின் இன்னொரு பொருள் அவளுக்குப் புரிந்தது.

ஐஸ் ஃபேக்டரியின் தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம் இடப்பக்கம் கேட்டது. சாக்கடையில் தண்ணீர் பாய்வது வலப்பக்கம் கேட்டது. முன்னால், பெரிய தெருவில் பஸ் ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. தகரக் கூரையைத் தாண்டினாள். தாண்டியதும் அந்தச் சத்தம் நின்றது. தேய்ந்து அடங்கவில்லை. நின்றது. மழை விடவில்லை, அவள் தலையில் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அவள் கடந்துவந்த எதற்கும் சத்தமில்லை.

முன்னால் மழை. பக்கத்தில் மழை. பின்னால் இல்லை.

திரும்பிப் போய்விடலாமென்று நினைத்தாள். நாயை விட்டுவிட்டு, காலில் விழுந்து, இதைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று. ஆனால் திரும்பிப் போக வேண்டுமானால் திரும்ப வேண்டும். கழுத்து அதற்கு இணங்கவில்லை. பொத்தானைத் தோளோடு அணைத்து, அவன் முகம் பின்னால் இருக்கும்படி பிடித்துக்கொண்டாள். அவன் நெஞ்சு அவள் நெஞ்சில் படபடவென்று அடித்தது.

"பாத்துக்கோடா," என்று அவன் காதில் சொன்னாள். "பாத்துக்கிட்டே இரு."

வீட்டில் விளக்கு எரிந்தது. பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு வருகிற அக்கா கிளம்பக் காத்திருந்தார். பொத்தானைக் கண்டதும் அவர் முகமெல்லாம் மலர்ந்தது. அப்பா மதியம் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையென்றும், இனிக் கவலையில்லையென்றும் சொல்லிக்கொண்டே குடையை எடுத்தார். வாசற்படியில் அவளைக் கடக்கும்போது, ஒருவருக்கு ஒதுங்குகிற மாதிரி ஒதுங்கவில்லை. சுவரை உரசிக்கொண்டு, இரண்டு பேருக்கு இடம் விட்டுப் போனார். அதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

போகாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் அவள் பின்னால் போய்விட்டார். செருப்புச் சத்தம் அறுந்தது.

அப்பாவின் கட்டிலுக்கு முன்னால் பொத்தானை இறக்கிவிட்டாள். நான்கு நாளாய்ச் சுவரைப் பார்த்துக் கிடந்த முகம் திரும்பியது. பாதி முகத்தில் சிரிப்பு வந்தது.

"பொத்தான்," என்றார்.

அவளுக்கு அழுகை முட்டியது. அதற்குள் அந்தச் சிரிப்பு அப்படியே உறைந்தது. அப்பாவின் பார்வை அவளைத் தாண்டி மேலே போய், உத்தரத்துக்குச் சற்றுக் கீழே நின்றது.

பொத்தான் அவரிடம் போகவில்லை. கட்டிலுக்கு முதுகைக் காட்டி, அவளைப் பார்த்து உட்கார்ந்தான். அவளைப் பார்த்து அல்ல.

முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டால் போதும், இடைவெளி இருக்காது என்று தோன்றியது. அவளுக்குப் பின்னால் சுவர் மூன்றடியில் இருந்தது. ஓரடி பின்னால் வைத்தாள். இன்னும் ஓரடி. மூன்றாவது. நான்காவது. சுவர் வரவில்லை.

நின்றுவிட்டாள்.

கடிகாரம் முன்னால் எங்கோ ஓடியது. ஜன்னலில் மழை. அப்பாவின் மூச்சு. பொத்தானின் கண்கள் சிவந்து, ஓரத்தில் நீர் கட்டியிருந்தன. நான்கு நாள். ஒரு நொடிகூடத் தூங்காத நான்கு நாள். அங்கே இன்னும் ஆறு பேர் இருந்தார்கள். இங்கே அவன் ஒருவன்.

தலை ஒருமுறை தொங்கியது. உதறி நிமிர்ந்தான்.

"பொத்தான்."

நிமிர்ந்தான். மறுபடி தொங்கியது. முன்னங்கால்கள் வழுக்கி விரிந்தன. தாடை தரையைத் தொட்டது. கண்கள் மட்டும் விடாமல் மேலே பார்த்தன. வீட்டுக்கு வந்துவிட்ட நாயின் கண்கள். கட்டிலின் சூடு, பழகிய வாசனை, இத்தனை நாள் கேட்காத அப்பாவின் மூச்சு. ஒரு கண் மூடியது.

"டேய். தூங்காதடா. செல்லம், தூங்காத."

மற்றதும்.

முதலில் மழை நின்றது. பிறகு கடிகாரம். அவள் தன் குரலைக் கேட்க முயன்றாள். தொண்டை அதிர்ந்தது, அவ்வளவுதான். கட்டிலில் அப்பா, இரண்டு வருடமாகத் தானாக எழ முடியாத அப்பா, இடக்கையை ஊன்றிப் பாதி எழுந்து வாயை அகலத் திறந்து கத்திக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. ஒரு சத்தமும் இல்லை.

மழையில் நனைந்து பிடரியில் ஒட்டிக்கிடந்த அவள் கூந்தலை, யாரோ மெல்ல, ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டார்கள்.