லேசர் அறைக்கு வெளியே

“காலங்காத்தாலயே ஊத்திக்கினு வந்துடறாங்கப்பா!” முணுமுணுத்துவிட்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள் யுவராணி.

வானகரத்துத் தோல் கிளினிக். வெளியே சோவென்று மழை. நனைந்தபடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு மூக்கிலும் கன்னத்திலும் சிவப்புச் சிவப்பாய் நூலிழைகள்...

“குடி இல்லீங்க மேடம். பாடி ஏரியாவுல பேக்கரி வெச்சிருக்கேன். அடுப்பு அனல்ல ரத்தக்குழாய் விரிஞ்சிடுச்சாம். லேசர் வைக்க வந்துகீறேன். பேரு ஜோஸ்.”

அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. “மன்னிச்சிடுங்க... எனக்கும் அதேதான். கால்ல. துணிக்கடையில நாள் பூரா நிக்கிற வேலை.”

“அப்போ நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தம்னு சொல்லுங்க!” என்றவன் பதறிப்போனான். “ஐயோ, அண்ணன் தங்கச்சின்னு எடுத்துக்காதீங்க!”

சிரித்துவிட்டாள். மழையில் கழுவி வைத்த மாதிரி என்ன கண்கள் இவனுக்கு...

அடுத்த மாதமும் அவள் வந்த சனிக்கிழமைதான் அவனும் வந்தான். அதற்கடுத்த மாதமும். ரப்பர் பேண்டால் சுண்டிவிடுகிற மாதிரி வலிக்கிறது என்று குழந்தைபோலப் புலம்புவான். அவளுக்குச் சனிக்கிழமை எப்போது வரும் என்றிருந்தது.

ஆனால் வரும்போதெல்லாம் கையில் ஒரு கேக் டப்பா. அது நேரே லேசர் வைக்கும் ரியாவுக்குப் போகும். “ரியா, இது உனக்கு!”

உனக்காமே! யுவராணி மட்டும் இன்னும் ‘மேடம்’.

கதவு சாத்திக்கொள்ளும். ரியா அவன் கண்ணுக்குக் கண்ணாடி மாட்டுவாள், கன்னத்தில் ஜில்லென்று ஜெல் தடவுவாள்... உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வேறு. யுவராணிக்கு வயிறு பற்றி எரிந்தது. ‘அவன் உனக்கு யாருடி?’ என்றது மனசு. ஆனாலும் எரிச்சல் அடங்கவில்லை.

அன்றே தன் முறையைப் புதன்கிழமைக்கு மாற்றிக்கொண்டாள். அவனாச்சு, அவளாச்சு!

அந்தப் புதன்கிழமையும் வந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் பாழாய்ப்போன கண்கள் அங்கேயே ஓடின. வரமாட்டான் என்று தெரிந்தும்...

வந்துவிட்டான்.

“இன்னா மேடம், சொல்லாம கொள்ளாம நாளை மாத்திட்டீங்க?”

“உங்களுக்கென்ன? கேக் வாங்கிக்க ரியா இருக்காங்களே!”

லேசர் அறையிலிருந்து ரியா தலையை நீட்டினாள். “அம்மா தாயே! அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். நீங்க வர்ற நாள்லயே தனக்கும் டைம் போடச் சொல்லி, கேக்கா குடுத்து என்னை குண்டாக்கிட்டாரு இந்த மனுஷன்!”

கதவு படக்கென்று மூடிக்கொண்டது.

ஜோஸ் தலையைக் குனிந்துகொண்டான். “இன்னிக்கு எனக்கு லேசரே இல்ல. உன்னைப் பாக்கத்தான் வந்தேன்... யுவராணி.”

தன் பேர் இவ்வளவு அழகா?

“அவங்க உன் கன்னத்தைத் தொடறப்பல்லாம்... எனக்கு வயித்தெரிச்சலா இருந்துச்சு.”

“ஏன்?”

“ஏன்னா, எனக்கு உன்னைப் புடிச்சிருக்கு, லூசு!”

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டாள். காத்திருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.