குடித்த தண்ணீரெல்லாம்

நேற்றுக் காலையில் மிரியம் கக்கூஸில் நிரப்பி வைத்த வாளி இன்று பின்னேரமாகியும் தளும்பத் தளும்ப அப்படியே நின்றது. கொரோனா என்று கேற்றில் தாள் ஒட்டிய நாள் தொடங்கி உள்கக்கூஸ் அவளுடைய கணவர் ஏர்னெஸ்டுக்கு மட்டும்தான். அவள் கிணற்றடியில் இருந்த பழையதற்குப் போய் வந்தாள். நேற்றும் இந்த வாளி குறையவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

காய்ச்சல் விட்டிருந்தது. இருமலும் இல்லை. விரலில் மாட்டிப் பார்க்கிற கருவி நல்ல இலக்கம்தான் காட்டியது. மூச்சைப் பிடிக்கிற வருத்தம் என்று ஊரெல்லாம் சொன்னதால் பாவம், அவள் மூச்சையே காவல் காத்துக்கொண்டிருந்தாள். வேறெங்கும் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

அறைக்குள் மூத்திர வாடை அடித்தது. ஊரடங்கில் மானிப்பாய் முழுக்க வாயடைத்துக் கிடக்க, தெருவில் ஒரு சைக்கிள் மணிகூடக் கேட்கவில்லை. பூனை ஏதும் புகுந்துவிட்டதோ என்று கட்டிலுக்கடியில் குனிந்து தேடினாள், அலுமாரிக்குப் பின்னாலும் தேடினாள். நிமிர்ந்தபோது ஏர்னெஸ்ட் பெருமூச்சு விட்டார். வாடை அவருடைய வாயிலிருந்துதான் வந்தது.

"இஞ்சேருங்கோ, சலம் போனதே?"

"போகுமப்பா. தண்ணி தாரும்."

"ஆஸ்பத்திரிக்குச் சொல்லட்டோ?"

"வேண்டாம். மரியரட்ணத்தாரைக் கொண்டுபோனவை, மனுசிக்குக் கடைசியிலை முகம்கூடக் காட்டேல்லை. என்னை அனுப்பிப்போடாதையும்."

அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. அவரைப் பறிகொடுக்க அவளால் முடியாது. உடம்பு சூடேறினால் சலம் கட்டி மூத்திரம் நின்றுவிடும், இளநீர் குடித்தால் போய்விடும். இது யாழ்ப்பாணத்தில் யாருக்குத்தான் தெரியாது? பக்கத்து வீட்டு மார்க்கண்டு அண்ணை ஒரு குலையையே கேற்றடியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அவள் வெட்ட வெட்ட ஏர்னெஸ்ட் குடித்தார். மூச்சு விடாமல் குடித்தார். குடித்துவிட்டு இன்னும் கேட்டார்.

பொழுதுபட்டது. கால்கள் தலையணை மாதிரி ஊதியிருந்தன. கலியாண மோதிரம் சதைக்குள் புதைந்து ஒரு கோடாகத் தெரிந்தது. அவர் புரண்டு படுத்தபோது உள்ளே எங்கோ தண்ணீர் களகளத்தது.

குடித்ததெல்லாம் எங்கே போகிறது?

இரண்டு கைகளும் மணிக்கட்டில் மடங்கி மடங்கி அடித்தன. அவர் அடிக்கவில்லை. அவை தாமாகவே அடித்தன.

மிரியம் மிச்ச இளநீரைச் செம்போடு கட்டிலடியில் வைத்துவிட்டு விறாந்தைக்கு ஓடினாள். தாதியாக இருக்கும் அவருடைய தங்கை சிசிலியாவுக்குப் போன் எடுத்தாள்.

"சலம் போகேல்லையோ? எவ்வளவு நேரமா, மச்சாள்?"

"நேற்றுத் துவக்கம்."

"கடவுளே! உந்தக் கொரோனா சிலபேருக்குக் கிட்னியையும் அடிச்சுப்போடும். இப்பவே அம்புலன்சுக்குச் சொல்லுங்கோ. குடிக்க என்ன குடுத்தனீங்கள்?"

"இளனிதான். நிறைய."



"மச்சாள், இனி ஒரு முடறும் குடுக்காதேங்கோ. அதிலை பொட்டாசியம் கூடுதல். கிட்னி வேலை செய்யாட்டி அது வெளியிலை போகாது. இருதயத்தை நிப்பாட்டிப்போடும்."

அறைக்குள் களக், களக் என்று கேட்டது.

அவள் ஓடினாள்.

"குடியாதேங்கோ!"

ஏர்னெஸ்ட் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். செம்பை இரண்டு கைகளாலும் வாயோடு அணைத்துப் பிடித்திருந்தார். கைகள் இப்போது அடிக்கவில்லை. தொண்டை ஏறியது. இறங்கியது. ஏறியது.

இறங்கவில்லை.

வீங்கிய இமைகளுக்கு நடுவே கண்கள் அவளையே பார்த்தன. இளநீர் கடைவாயால் வழிந்து கழுத்தில் இறங்கியது, மார்பில் இறங்கியது, பாயை நனைத்தது. அவர் விழுங்கவில்லை. செம்பை இறக்கவும் இல்லை.