ஒன்பதாம் நம்பரின் இடது முட்டி

எங்கள் பள்ளிக் கால்பந்து அணியில் பதினோரு பேர். பத்துப் பேர் விளையாடுவார்கள். பதினோராவது ஆள் நான்.

என் பெயர் தனசேகர். ஆறாம் வகுப்பு. தடுப்பாட்டம் என் வேலை. பந்து வருகிற இடத்தில் நான் இருக்க மாட்டேன். நான் இருக்கிற இடத்துக்குப் பந்து வராது. எங்கள் இருவருக்குள்ளும் அப்படி ஒரு மரியாதை.

உண்மையான ஆட்டக்காரன் கோகுல்ராஜ். வகுப்பில் என் பக்கத்தில் உட்காருபவன். பந்து அவன் சொன்னபடி கேட்கும். சங்ககிரியில் லாரிக்காரர்கள்கூட வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவன் ஆட்டத்தைப் பார்ப்பார்கள்.

அவன் காலைக் கெடுத்தது நான்தான்.

வேண்டுமென்று செய்யவில்லை. மேட்டூரில் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கும் நாளுக்கு மூன்று வாரம் இருந்தது. பயிற்சி ஆட்டத்தில், ஒரு தடவையாவது அவனிடமிருந்து பந்தைப் பிடுங்கிவிட வேண்டும் என்று பாய்ந்தேன். பந்து கிடைக்கவில்லை. அவன் இடது முட்டி கிடைத்தது. காய்ந்த குச்சி முறிவதுபோல ஒரு சத்தம்.

சாயங்காலத்துக்குள் முட்டி வீங்கிவிட்டது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்டா" என்றேன்.

"போனா ஒரு மாசம் ஓடாதேம்பாங்க. அடுத்த வருசம் எனக்கு வயசு தாண்டிரும். யாருகிட்டயும் சொல்லக் கூடாது."

"உங்கம்மாகிட்ட?"

"வழுக்கி உழுந்துட்டேன்னு சொல்லிக்கறேன். நீ சத்தியம் பண்ணு."

உடைத்தவன் சத்தியம் செய்யாமல் என்ன செய்வான்? செய்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் வைத்தியமும் பார்த்தேன். என் அப்பா காளியப்பன் நெடுஞ்சாலை ஓரத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். எங்கள் ஊரில் லாரி டியூபால் ஆகாத காரியம் இல்லை. வாசல் கேட்டை இழுத்துக் கட்டவும், ஆடுகிற கட்டில் காலை நிறுத்தவும், வண்டியில் தண்ணீர்க் குடத்தைக் கட்டவும் டியூப்தான். பழைய டியூபில் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, கோகுலின் முட்டியில் இறுக்கிச் சுற்றினேன்.

அவன் எழுந்து நடந்தான். மெதுவாக ஓடினான்.

"டேய், வலியே தெரியலடா."

அடுத்த மூன்று வாரமும் காலுறையை முட்டிக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு ஓடினான். நான் ஒரு டாக்டராகவே ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

*

மேட்டூருக்குப் பள்ளியிலிருந்து இரண்டு பேர் போகலாம். இரண்டாவதாகப் போக வேண்டியவனுக்கு அம்மை போட்டுவிட்டது.

"தனா, நீ வா. கோகுலுக்குப் பேச்சுத் துணைக்கு ஆவும்" என்றார் எங்கள் விளையாட்டு ஆசிரியர் சந்திரசேகர் சார். அப்படித்தான் நானும் தேர்வுக்குப் போனேன்.

மைதானத்தில் அறுபது பையன்கள் இருந்தார்கள். தேர்ந்தெடுக்க வந்தவர் ஸ்ரீதேவி மேடம். தலையில் தொப்பி, கையில் அட்டை. எல்லோரும் நிழலில் நின்றபோது அவர் மட்டும் வெயிலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

கோகுல் நேராக ஓடும் ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தான். தாண்டும்போது மட்டும் வலது காலிலேயே இறங்கினான். யாரும் கவனிக்கவில்லை.

"என்ன மேடம் பாப்பீங்க? கோலா?" என்று கேட்டார் எங்கள் சார்.

"கோல் அடிக்கிறவனை யாரு வேணாலும் கண்டுபிடிச்சிரலாம் சார். பந்தைப் பறிகொடுத்ததும் ஒரு பையன் என்ன பண்றான்? நின்னுக்கறானா, எந்திரிச்சுத் திரும்ப ஓடறானா? நான் அதைத்தான் எழுதுவேன்."

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நான் பார்வையாளர் படிக்கட்டின் கீழே உட்கார்ந்திருந்தேன். மேடத்துக்கு உதவியாக வந்த கலையரசன் என்ற அண்ணன் தண்ணீர் கேனோடு மேலிருந்து இறங்கினார். இருபது வயது இருக்கும். இடது காலைக் கீழ்ப் படியில் வைத்தார். வலது காலைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் சேர்த்தார். மறுபடி இடது. மறுபடி வலதைச் சேர்த்தார். நடை பழகும் குழந்தை இறங்குவதுபோல இருந்தது.

அவருக்கு நான்கு படி மேலே கோகுல் இறங்கிக்கொண்டிருந்தான். இடது. வலதைச் சேர்த்தான். இடது. வலதைச் சேர்த்தான்.

நான் சோற்றைப் பாதியில் மூடிவைத்தேன்.

"அண்ணா, காலுக்கு என்னாச்சுங்க?" என்றேன்.

"முட்டி" என்றார் கலையரசன் அண்ணன்.

"பலமா அடிபட்டுருச்சுங்களா?"

"அடி சின்னதுதான். நானும் இதே விடுதிப் பையன்தான். பைனல் முடியட்டும், அப்பறம் பாத்துக்கலாம்னு நாலு மாசம் அதோடயே ஆடுனேன்."

"அப்பறம்?"

"பைனல்ல ஜெயிச்சோம்" என்றார். சிரிக்கவில்லை. கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

கோகுல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இடது காலை நீட்டியேதான் உட்கார்ந்தான்.

"மேடத்துகிட்டச் சொல்லிரலாம்டா" என்றேன்.

"நீதான ஒடச்ச? வாய மூடிட்டு இரு."

மூடிக்கொண்டேன்.

*

கடைசியாக ஆட்டம். இருபது நிமிடம். கோகுலுக்கு நீலச் சட்டை, ஒன்பதாம் நம்பர். எனக்குச் சிவப்புச் சட்டை, பதினாலாம் நம்பர். கலையரசன் அண்ணன்தான் விசில். எங்கள் அணிப் பையன் ஒருவன், "நீ அந்த ஒம்பதப் பாத்துக்க" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒன்பதை நான் பார்த்துக்கொள்வதா? பள்ளி ஆட்டங்களில் அவன் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன்.

பந்தோடு வந்தான். எனக்கு ஒன்று தெரியும். இடது காலை ஊன்றி அவனால் வலது பக்கம் திரும்ப முடியாது. இடது பக்கம்தான் போவான். நான் முன்னதாகவே அங்கே போய் நின்றேன். பந்து தானாக என் காலுக்கு வந்தது.

இரண்டாவது தடவையும் வந்தது. மூன்றாவது தடவையும்.

மேடம் கோட்டருகே வந்து என் சட்டையைப் பார்த்தார். அட்டையில் எழுதினார். வகுப்பில் பேசியவர்கள் பட்டியலைத் தவிர வேறு எதிலும் என்னை யாரும் எழுதியது கிடையாது. சந்திரசேகர் சார் வாயைத் திறந்தபடி நின்றார்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்ல விரும்பவில்லை. இரண்டு நிமிடம் சந்தோஷமாக இருந்தது.

பிறகு கோகுலின் முகத்தைப் பார்த்தேன். நான் எப்படிப் பந்தை எடுக்கிறேன் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது.

நாலாவது தடவை அவன் வேண்டுமென்றே வலது பக்கம் திரும்பினான். இடது கால் மடிந்து சாய்ந்தது. விழுந்தான். சத்தம் போடாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு உடனே எழுந்தான். "ஒன்னுமில்லீங்க" என்று கையை ஆட்டிவிட்டு மறுபடி பந்தை நோக்கி ஓடி வந்தான்.

மேடம் தலையை ஆட்டியபடி எழுதிக்கொண்டிருந்தார். அவர் தேடியது இதைத்தான். விழுந்ததும் எழுந்து ஓடுகிற பையன்.

பந்து என் முன்னால் இருந்தது. கோகுல் நொண்டலை மறைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தான். நான் காலால் தட்டிவிட்டால் அந்தக் காலிலேயே மறுபடி திரும்புவான். இன்னொரு தடவை. அப்புறம் இன்னொரு தடவை.

நான் குனிந்து பந்தைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

விசில் அடித்தது. மைதானமே சிரித்தது. "டேய், இது கைப்பந்து இல்லடா" என்று யாரோ ஒருவன் கத்தினான். நான் பந்தைத் தரையில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். உட்கார நல்ல பொருள் அல்ல. உருண்டுகொண்டே இருக்கும்.

"எந்திரிடா, பந்தைக் குடு" என்றார் கலையரசன் அண்ணன்.

"தர மாட்டேனுங்க."

"ஏன்?"

"ஒம்பதாம் நம்பரோட காலுறையைக் கழட்டிப் பாருங்க."

சிரிப்பு நின்றது.

"அவன் பொய் சொல்றானுங்க மேடம்" என்றான் கோகுல். காலுறையை இன்னும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டான்.

ஸ்ரீதேவி மேடம் அவன் முன்னால் மண்டியிட்டுக் காலுறையை இறக்கினார். கறுப்பு டியூப். அதற்கு மேலும் கீழும் சதை புடைத்திருந்தது. சுற்றைப் பிரித்தார். முட்டி இருக்க வேண்டிய இடத்தில் தேங்காய் அளவுக்கு ஒன்று இருந்தது.

"யார் கட்டினது?"

"நானுங்க" என்றேன்.

"யாரால அடிபட்டது?"

"அதுவும் நானுங்க."

கலையரசன் அண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மேடம் எழுந்தார். "பதினாலு. அவன் எந்தப் பக்கம் திரும்புவான்னு தெரிஞ்சுதானே மூணு தடவையும் பந்தை எடுத்தே?"

"ஆமாங்க."

அவர் அட்டையில் ஒன்பதைக் கோடு போட்டு அடித்தார். பதினாலையும் அடித்தார். அது நியாயம்தான். ஆனால் ஒன்பதை அடித்துவிட்டு அந்த எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

*

பேருந்தில் கோகுல் எனக்கு முதுகைக் காட்டியபடி முன் இருக்கையில் காலை நீட்டி உட்கார்ந்தான். சங்ககிரியில் இறங்கும்போது சந்திரசேகர் சார், "மூனு வாரமா நானுந்தானே பாத்துட்டு இருந்தேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

அப்பாவிடம் நானே சொன்னேன். அவர் கையிலிருந்த டயரைக் கீழே வைத்தார்.

"பஞ்சர்னா மொதல்ல என்ன பண்ணுவோம்?"

"ஆணியத் தேடுவோமுங்க."

"தேடுனியா?"

பஞ்சர் கடைக்காரர் மகன் நான். எனக்கு அதுகூடத் தோன்றவில்லை.

சேலத்தில் கோகுலின் முட்டியை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். முட்டிக்குள் எலும்புகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் ஜவ்வு முக்கால்வாசி கிழிந்திருந்தது. இன்னும் சில ஆட்டம் ஆடியிருந்தால் நடையே கோணியிருக்கும் என்றார் டாக்டர். அறுவை சிகிச்சை செய்தார்கள். ஒரு வருடம் ஓடக் கூடாது. "பழையபடி ஆடுவானா?" என்று கோகுலின் அம்மா மஞ்சுளா கேட்டதற்கு, "இப்பச் சொல்ல முடியாதும்மா" என்றாராம்.

விடுதிக்குத் தேர்வானவர்கள் பட்டியல் வந்தது. சங்ககிரிப் பெயர் எதுவும் அதில் இல்லை.

நான் தினமும் பள்ளி விட்டதும் கோகுல் வீட்டுக்குப் போனேன். முதல் நாள் வாசலிலேயே எல்லாவற்றையும் அவன் அம்மாவிடம் ஒப்பித்தேன். தறிப்பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். தலையெல்லாம் பஞ்சுத் தூசி. திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அவன் ஏஞ்சாமி எங்கிட்டச் சொல்லல?" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

கோகுல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். நான் அவன் முதுகுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். என்னிடம் கணக்குக் கற்ற முதல் முதுகு அதுதான். பதில் வரவில்லை. முப்பது நாள் வரவில்லை.

"காலை மடக்கிப் பழகச் சொல்றாங்க" என்றார் மஞ்சுளா அத்தை ஒருநாள். "மடக்கலீன்னா அப்படியே வெறச்சுப் போயிருமாம். தொட உடமாட்டேங்கறான். இனி எதுக்குங்கறான். நீயாச்சும் சொல்லு சாமி."

நான் சொல்லி அவன் கேட்பானா? சுவரே பரவாயில்லை என்று நினைக்கிறவனிடம் என்ன சொல்வது? சும்மா இருக்க முடியாமல், முந்தின நாள் நடந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.

"மகுடஞ்சாவடிக்காரங்க ஏழு கோல் போட்டாங்கடா. மொத கோலு என்னாலதான். மூலையில இருந்து பந்து வந்துச்சு. நான் கோல் கம்பத்தப் புடிச்சுட்டு நின்னேன்."

முதுகு லேசாக அசைந்தது.

"கம்பத்த ஏன்டா புடிச்ச?" என்றது சுவர்ப் பக்கமிருந்து ஒரு குரல்.

"விழுந்துருமோன்னு."

கோகுல் திரும்பிப் படுத்தான். ஒரு மாதத்தில் முகம் பாதியாகிவிட்டிருந்தது.

"அடிச்சவன் எங்க நின்னான்?"

"இங்க."

"எங்க? காட்டு."

தரையில் தறிக்கு நூல் சுற்றும் தார்க்குச்சிகள் நூல் தீர்ந்து கிடந்தன. பதினொன்றைப் பொறுக்கி அடுக்கினேன்.

"இது நான். இது அவன்."

"நீ அங்க ஏன்டா நிக்கற? அவன இப்படி மறிக்கணும்."

"எப்படி?"

"இப்படி. ஐயோ, அது இல்ல, அந்தக் குச்சி. முட்டாளே, அத எடு."

நான் வேறு குச்சியை எடுத்தேன். கோகுல் பொறுக்க முடியாமல் கட்டிலிலிருந்து தரைக்குச் சரிந்தான். சரியான குச்சி எட்டவில்லை. கையை நீட்டினான். எட்டவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இடது காலை மெல்ல உள்ளே இழுத்தான். கண்ணில் நீர் வந்துவிட்டது. இழுத்தான். முட்டி கொஞ்சம் மேலே எழும்பியது. ஒரு தவளை அடியில் புகுந்து போகலாம், அந்த அளவுதான்.

மஞ்சுளா அத்தை கதவருகே அசையாமல் நின்றார். நான் முட்டியைப் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவான் என்று தோன்றியது. குச்சிகளையே பார்த்துக்கொண்டு, "அப்ப நான் இங்க வரணுமா?" என்று இன்னும் தப்பான இடத்தைக் காட்டினேன்.

திட்டிக்கொண்டே மறுபடி காலை இழுத்தான்.

அரை மணி நேரம் ஆனது. அவனுக்கு மூச்சு வாங்கியது.

"மொத கோலுக்கே இவ்வளவு நேரமாயிருச்சு" என்றான். "மீதி ஆறையும் நாளைக்குப் பாக்கலாம். வருவியா?"

"வாரேன்" என்றேன்.

ஏழு கோல் வாங்கித் தோற்ற ஆட்டத்தை நினைத்துச் சந்தோஷமாக வீட்டுக்கு நடந்த தடுப்பாட்டக்காரன் அன்றைக்குச் சங்ககிரியில் நான் ஒருவன்தான்.